ஆடிட்டர் மாமா கேட்ட கைநாட்டு

எண்ணெய் ஊறிய ஒரு துண்டை நினைத்தால் இப்போதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் பெரிய மனிதர்கள் வந்து வீடெடுத்துத் தங்குவார்கள். அருவிக்குப் போகும் முன்னால் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் ஒரு துண்டை மட்டும் சுற்றி, பலகையில் உட்கார்ந்து ஊறுவார்கள். அந்தத் துண்டைத்தான் சொல்கிறேன். ஆடிட்டர் மாமாவின் துண்டு. சாம்பல் போட்டு, சீயக்காய் போட்டு, வெந்நீரில் அமுக்கி, கல்லில் அறைந்தாலும் அதன் பிசுக்குப் போகாது. சாரல் காலத்தில் வெயில் ஏது? காயவும் காயாது. அடுப்புக்கு மேலே கொடியில் சிக்கு வாடையோடு தொங்கும். அதற்குக் கீழே நின்றுதான் நான் அவருக்குத் தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைப்பேன். "மருமவ கைச் சொதிக்கு ஈடு கிடையாது" என்று அவர் ஏப்பம் விடும்போதெல்லாம் நான் கொடியை அண்ணாந்து பார்த்துக்கொள்வேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அச்சுக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்திக்கொள், மற்றவர்கள் பேசியதைப் பேசியபடியே விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். ஆடிட்டர் என்றால் யார், பரீட்சை எழுதியவரா எழுதாதவரா என்று அவள் நேற்றுக் கேட்டாள். அதைக் கேட்டதும் எனக்கு வாய் ஊறிவிட்டது. இந்தக் கதையைச் சொல்வதென்றால் எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

ஆடிட்டர் மாமா என் வீட்டுக்காரருக்குத் தூரத்து உறவில் மாமா முறை. திருநெல்வேலியில் ஆபீஸ் வைத்திருந்தார். தென்காசிப் பக்கத்து நிதிக் கம்பெனி, பஸ் கம்பெனி, புளியங்குடியில் ஒரு பஞ்சு மில் என்று ஏழெட்டு இடத்துக் கணக்கைத் தணிக்கை செய்வது அவர் பொறுப்பு. செய்வது என்றா சொன்னேன்? செய்தது என் வீட்டுக்காரர். ஒற்றை மாட்டு வண்டியில் போய், நாள் கணக்கில் உட்கார்ந்து, வவுச்சரும் பேரேடும் ஒத்துப் பார்த்து முடித்து வைப்பார். மாமா வருஷத்துக்கு ஒருமுறை வந்து, பச்சை மையில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அருவியில் குளிக்கப் போய்விடுவார். என் வீட்டுக்காரர் பெரிய மேதை என்று நான் சொல்லவரவில்லை. கூட்டலில் தப்பு விட்டுவிட்டுப் பாதிச் சோற்றில் எழுந்து ஓடியிருக்கிறார். கோட்டு ஒன்று தைத்து வைத்துக்கொண்டு, அதைப் போட்டால்தான் கணக்கு வரும் என்பார். எங்கள் ஊர் வடகரை வெயிலில் அந்தக் கோட்டோடு அவர் வண்டியை விட்டு இறங்கி வருவதைப் பார்த்தால், வேகவைத்த பனங்கிழங்கைத் தோலோடு நிறுத்தினதுபோல் இருக்கும்.

அவருக்குச் சம்பளம் கிடையாது. இதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது கஷ்டம். உறவுக்காரரிடம் வேலை பார்த்துவிட்டு மாதம் பிறந்ததும் கையை நீட்டினால் அது கூலி. கூலி வாங்கினால் உறவு போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் வீடுகளில் அப்படித்தான் நினைப்பு. என் மாமனார் மகனைக் கொண்டுபோய் விட்டபோதே, சம்பளப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் விட்டாராம். அறுப்பு முடிந்ததும் மாமா வீட்டுக் களத்திலிருந்து இரண்டு கோட்டை நெல் வரும். தீபாவளிக்கு வேட்டி, எனக்கு ஒரு சுங்கடிச் சேலை. அவ்வளவுதான். அந்தச் சேலையும் மாமா வீட்டு அத்தை கட்டி அலுத்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மடிப்பு புதிதாக இருக்கும், ஓரம் பழசாக இருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மாமியார், "ஓசி மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதட்டி" என்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வெள்ளைக்காரச் சர்க்காரின் புது விதிகள் வந்தன. இனிமேல் கம்பெனிக் கணக்கில் எவன் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட முடியாது, சர்க்கார் பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கியவன்தான் போடலாம் என்று சட்டம். அந்தப் பரீட்சைக்கு உட்காரவும் ஒரு தகுதி வேண்டும். ஒரு ஆடிட்டரிடம் பணம் கட்டி, மூன்று வருஷம் பயிற்சிப் பையனாக இருக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அப்போதே முன்வழுக்கை. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவர் போய்ப் பையனாக எப்படி உட்காருவது?

ஆனால் விலக்கு என்று ஒன்று இருந்தது. அவர் அதை இங்கிலீஷில் சொல்லுவார்; நாக்கைச் சுழற்றி, சாமி பெயர்போலச் சொல்லுவார். எங்கள் தெருப் பெண்களிடம் நான், "அவுகளுக்கு விலக்கு வரப் போகுது" என்று பெருமையாகச் சொல்லி, ஆம்பிளைக்கு ஏது விலக்கு என்று அவர்கள் சிரித்த சிரிப்பில் குடத்தைக் கீழே போட்டேன். விஷயம் இதுதான். ஆடிட்டர் ஆபீசில் பல வருஷம் வேலை பார்த்த குமாஸ்தாவாக இருந்தால், அந்த மூன்று வருஷப் பயிற்சி வேண்டாம். நேரே பரீட்சைக்குப் போகலாம். அதற்கு மேலேயும் ஒரு விலக்கு இருந்தது. ஏற்கெனவே தன் பெயரிலேயே தணிக்கை செய்து வந்தவனுக்குப் பரீட்சைகூட வேண்டாம். விண்ணப்பம் போட்டால் பட்டம். முதல் விலக்கு என் வீட்டுக்காரருக்குக் கிடைக்க வேண்டியது. ஆடிட்டர் மாமா தன் கைப்பட எழுதிக் கொடுத்தால் போதும்.

அதற்காகத்தான் அந்தச் சீசன் ஊழியம் எல்லாம். முன்பெல்லாம் நான்கைந்து நாள் சமைத்துப் போட்டு வந்தவள், விதி வந்த பிறகு மாதம் முழுக்கக் குற்றாலத்தில் அவர் எடுத்த வீட்டில் கிடந்தேன். என் வீட்டுக்காரர் தென்காசி ஸ்டேஷனுக்குப் போய் அவருடைய பெட்டி படுக்கையைத் தானே தோளில் தூக்கி வருவார், கோட்டோடு. எண்ணெய் தேய்க்கிற ஆள் வரத் தாமதமானால் மாமாவின் முதுகுக்கு அவரே தேய்ப்பார். அதை ஜன்னல் வழியாக ஒருதரம் பார்த்துவிட்டேன். அந்தச் சதைமடிப்புகளுக்குள் அவர் விரல் போய் வருவதைப் பார்த்ததும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் கீழ, மருமவனே... ஆங், அங்கனதான்" என்கிறார். இவர் விலக்கைப் பற்றி மெதுவாக ஆரம்பிக்கிறார். "எண்ணெ தேச்சுக்கிட்டு ஆபீஸ் பேச்சுப் பேசினா சூடு தலைக்கு ஏறும்லா? பாப்பம், பாப்பம்" என்கிறார் அவர். குளித்து வந்ததும் பேசலாம் என்றால் பசி. சாப்பிட்டதும் பேசலாம் என்றால் தூக்கம். எழுந்ததும் ஐந்தருவிக்கு வண்டி கட்ட வேண்டும். இப்படியே ஒரு சீசன் போயிற்று, அடுத்ததும் போயிற்று. அருவிச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் மாதக்கணக்காக இருந்தவள் நான். அம்மி நகர்ந்தாலும் நான் நகர முடியாது. ஒருநாள்கூட நின்று குளிக்கவில்லை. குரங்குகள் என்னைவிட அதிகம் குளித்திருக்கும்.

மூன்றாவது சீசனில் மாமாவோடு அவருடைய மாப்பிள்ளையும் வந்தார். மகளைக் கட்டியவர். நல்ல சிவப்பு, பவுடர் வாசனை. மங்குஸ்தான் பழத்தை உடைத்து வெள்ளைச் சுளையை மட்டும் தின்றுவிட்டுத் தோலை உட்கார்ந்த இடத்திலேயே போடுவார். தரையெல்லாம் ஊதாக் கறை. அந்தக் கறை போகவே போகாது என்று உங்களுக்குத் தெரியுமோ? நான்தான் மண்டிபோட்டுத் தேய்த்தேன். அவர் வந்து இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டுக்கு உட்காரும்போது மாமா சந்தோஷமாகச் சொன்னார்: "நம்ம மாப்பிள்ளைக்குப் பட்டம் வந்துட்டு. பரீட்சையெல்லாம் கிடையாது. பழைய ஆளுன்னு நேரா குடுத்துட்டான்."

என் வீட்டுக்காரரின் கை இலையிலேயே நின்றுவிட்டது. பழைய ஆளா? அந்த மனிதர் பேரேட்டைத் தலையணையாகக்கூட வைத்துப் படுத்ததில்லை. பிறகுதான் தெரிந்தது. விதி வருவதற்கு முன்னாலேயே தென்காசி நிதிக் கம்பெனிகள் இரண்டின் தணிக்கையை மாமா கல்யாணச் சீர்போல மாப்பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். வண்டியில் போய்க் கணக்குப் பார்த்தது என் வீட்டுக்காரர். கீழே கையெழுத்து மாப்பிள்ளையுடையது. சர்க்காருக்குக் கையெழுத்துத்தானே தெரியும்? வண்டி தெரியுமா, மாடு தெரியுமா?

அன்று இவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. எண்ணெயோ பசியோ என்று பார்க்காமல், இலையில் இருந்தபடியே கேட்டுவிட்டார்.

"மாமா, எனக்கு ஒரு வரி எழுதித் தந்தா போதும். இத்தனை வருசம் உங்ககிட்ட இருந்தேன்னு."

"எழுத மாட்டேன்னா சொன்னேன்? ஆனா விதி என்ன சொல்லுது? சம்பளக் குமாஸ்தான்னு சொல்லுது. நீ சம்பளம் வாங்கினியால?"

"நம்ம வீட்டுல அந்தப் பழக்கம் கிடையாதுல்லா..."

"அதத்தான் சொல்லுதேன். சம்பளம் வாங்காதவன் குமாஸ்தா ஆவ மாட்டான். நான் பொய் எழுத முடியுமா? என் கையெழுத்துக்கு ஒரு மரியாதை இருக்குலா?"

பார்க்காத கணக்கிலெல்லாம் போட்ட அந்தப் பச்சைக் கையெழுத்துக்கு மரியாதை! நான் கதவுக்குப் பின்னால் ரசச் சட்டியோடு நின்றேன். சட்டியை அப்படியே அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்று சொன்னால் பேத்தி எழுத மாட்டேன் என்கிறாள். எழுதுடி. உறவு என்று சொல்லிச் சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்கியவர், சம்பளம் வாங்கவில்லை என்று சொல்லி அதையே குற்றமாக்குகிறார். இப்படி ஒரு அசிங்கத்தை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

இரண்டு நாள் கழித்து மாமாவே இவரைக் கூப்பிட்டார். எண்ணெய் தேய்த்து ஊறிக்கொண்டிருந்தார். அருகே மாப்பிள்ளை, பழம். ஒரு கட்டு ரசீதுகளும் மைப் பெட்டியும் கீழே இருந்தன. கனிந்த குரலில், "யோசிச்சேன் மருமவனே. வழி இருக்கு. மாசாமாசம் சம்பளத்தை ஆள் மூலமா உன் வீட்டுக்கு அனுப்பினேன், வீட்டம்மா வாங்கிக்கிட்டான்னு ரசீது எழுதியாச்சு. ஒன் கையெழுத்து வேண்டாம். நாளைக்குப் பட்டம் வாங்குத ஆளு, வம்பு வரக் கூடாது. அவ கைநாட்டு போதும். கைநாட்டை எவன் கேள்வி கேக்கப் போறான்? எனக்கும் வருமான வரியில ஒரு சவுரியம்" என்றார்.

என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். தேங்காய் துருவிக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். "ஏட்டி, வெரல மட்டும் நாட்டு. மூணு வருசம் மிச்சம்."

நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன். போகும்போது மறுக்க வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. சத்தியம், தர்மம் என்றெல்லாம் எனக்குள் பொங்கியது என்று சொன்னால் அது பொய். கிட்டே போனதும் அந்தச் சிக்கெண்ணெய் வாடை வந்தது. மாமா மைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். அவர் விரல் எண்ணெய் அதன் மேல் பளபளத்தது. எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் வாய் தானாகப் பேசிற்று.

"மாமா, இதுல நான் பணம் வாங்கினேன்னுதான எழுதியிருக்கு?"

"ஆமா, மருமவளே."

"அப்பம் குடுங்க. கையில வாங்கிக்கிட்டு நாட்டிருதேன். எழுதினதும் பொய்யாவாது, உங்க கையெழுத்துக்கும் மரியாதை போவாது."

மாப்பிள்ளைக்குப் புரை ஏறிவிட்டது. இருமிக்கொண்டே, "என்ன மாமா, சட்டம்லா பேசுதா!" என்றார். மாமாவின் முகம் மங்குஸ்தான் தோல் நிறத்துக்குப் போயிற்று. "பொம்பளகிட்டயா நான் கணக்கு முடிக்க வந்தேன்? ஏலே, சொல்லி வய்யி அவகிட்ட!" என்று கத்தினார். என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "நாட்டுட்டி. ஒன் கால்ல வேணும்னாலும் விழுதேன்" என்றார், அவர்கள் இருவர் முன்னாலேயும். மாமாவைவிட எனக்கு அப்போது இவர் மேல்தான் அருவருப்பாக இருந்தது, மறைக்க மாட்டேன். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியை இறுக்கிக்கொண்டேன். கையெல்லாம் தேங்காய்ப்பால் பிசுபிசுப்பு. இழுத்துப் பார்த்தார். பிறகு அவர் கை தளர்ந்தது. அன்று மத்தியானமே பாத்திரங்களை எடுத்துக்கொண்டு தென்காசி வழியாக ஊருக்கு நடந்தோம். சாரல் முகத்தில் அடித்தது. அவர் முன்னால், நான் பின்னால்.

வீட்டில் மாமியார் கச்சேரி வைத்தாள். "ஒரு வெரல நாட்ட வலிச்சுதோ? ரெண்டு பெத்தவளுக்கு அந்த வலி தாங்கலியோ?" என்று தெருவுக்கே கேட்கக் கேட்டாள். அறுப்புக்கு வருகிற நெல் அந்த வருஷம் வரவில்லை. கணக்கு வேலையும் நின்றது. அவர் என்னிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் செம்பைப் பார்த்துக் கேட்பார். செம்பு நகருமா? நான்தான் கொண்டு வைப்பேன்.

கடைசியில் வடகரையில் பங்குக்கு வந்த தென்னந்தோப்பை விற்று, திருநெல்வேலியில் வேறொரு ஆடிட்டரிடம் பணம் கட்டிப் பயிற்சிப் பையனாகச் சேர்ந்தார். மீசை முளைக்காத பிள்ளைகளுக்கு நடுவே வழுக்கைத் தலையோடு இவர். அவர்கள் இவருக்கு 'பாட்டையா' என்று பெயர் வைத்தார்களாம். "பாட்டையா, மூக்குப்பொடி இருக்கா?" என்று கேட்பார்களாம். சனிக்கிழமை ரயிலில் வந்து இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். நெடுநாள் கழித்து அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு அது. நானும் சிரித்தேன். பிறகு அடுக்களைக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எத்தனையோ வருஷம் செய்த வேலையையே, கற்றுக்கொள்வதுபோல் மூன்று வருஷம் மறுபடி செய்தார். பட்டணத்துக்குப் போய்ப் பரீட்சை எழுதினார். முதல் தடவை போயிற்று. "ஒரு பாடத்துல விட்டுட்டேன்" என்று ரயிலை விட்டு இறங்கியதும் சொன்னார். கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். இரண்டாம் தடவை தேறினார். யுத்த காலம், சீனிக்கு ரேஷன். கருப்பட்டியில் பாயசம் வைத்தேன். மாமியார் இரண்டு கும்பா குடித்துவிட்டு, "என் பிள்ளை அப்பமே கெட்டிக்காரன்" என்றாள். என் விரலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

தென்காசி ரத வீதியில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துப் பலகை மாட்டினார். அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. நான் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் எதிர்வரிசையில் இன்னொரு பலகையைக் கண்டேன். அதே கறுப்பு, அதே வெள்ளை. "அது யாரு?" என்றேன். ஆடிட்டர் மாமாவின் மாப்பிள்ளை. அவர் ஆபீஸ் போட்டு வருஷக்கணக்காயிற்றாம். என்னிடம் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு. எனக்கு எழுத்துத் தெரியாது. படிச்சவங்களுக்காவது வித்தியாசம் தெரியுமா?"

"பேரு வேறட்டி."

"பேருக்குக் கீழ?"

"கீழ ஒண்ணுதான். அவுகளுக்கும் அதே பட்டம்தான்."

"பரீட்ச எழுதினவுகன்னு ஒரு கோடு, ஒரு புள்ளி கெடையாதா?"

"கெடையாது."

நாங்கள் அப்படி நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு வண்டி வந்து நின்றது. ஜரிகைத் துண்டு போட்ட ஒருவர் இறங்கினார். கடையநல்லூர்ப் பக்கத்து ஜவுளிக் கம்பெனி முதலாளிபோல் இருந்தார். வெற்றிலைக் கடைக்காரரிடம், "அண்ணாச்சி, ஆடிட்டர் ஆபீஸ் எது?" என்று கேட்டார். கடைக்காரர் இரண்டு பலகையையும் ஏறிட்டுப் பார்த்தார். "ரெண்டும் ஆடிட்டர்தான். அங்கன கரண்டு விசிறி ஓடுது, காத்தா இருக்கும்" என்றார். வந்தவர் விசிறி ஓடுகிற இடத்துக்குப் படியேறிப் போய்விட்டார்.

நடுத் தெரு என்றும் பார்க்கவில்லை, காறித் துப்பினேன். பெண்பிள்ளை தெருவில் துப்புவதாவது என்று கடைக்காரர் முறைத்தார். என் வீட்டுக்காரர் திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் கோட்டின் பொத்தானைச் சரிசெய்தார். எதிர்மாடியில் சுற்றுகிற விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாக்கடை ஓரமாகப் போய், பட்டம் வாங்கிய அந்தப் பெரிய மனிதர், அவரும் துப்பிவிட்டு வந்தார்.